போன வாரம் ஒரு மணி நேரமாவது

உலகத்தில் அச்சான நாளிதழ்களில் பாதி எங்கள் ஹல்லகோஸ்கி ஊர்க் காகிதத்தில்தான் அச்சாயின. சரி, பாதி என்பது கொஞ்சம் அதிகம். கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் நெஞ்சில் உறுத்துகிறதென்றால், லண்டனில் ஒரு பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பு எங்கள் காகிதம். இதற்கு மட்டும் சாட்சி உண்டு. அந்த இணைப்பில் ஒன்றை அடுத்த வீட்டுக் கலெர்வோ பெல்தாரி கண்ணாடிச் சட்டம் போட்டுக் கழிப்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறான். ஆலையின் மூன்றாம் இயந்திரத்தை ஓட்டியவன் அவன்.

ஆலையை மூடினார்கள். இயந்திரத்தைக் கழற்றி, ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதி, ஏதோ வெயில் நாட்டுக்குக் கப்பலேற்றினார்கள். ஓட்டியவர்களை யாரும் கப்பலேற்றவில்லை. அவர்கள் இங்கேயே ஏரிக்கரையில் நின்றார்கள்.

நான் எழுத வந்தது கலெர்வோவின் மனைவி இர்யாவைப் பற்றி. ஆலை மூடியதால் இந்த ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் புதிதாக வேலை கிடைத்தது. மற்றவர்களுக்கு வேலை கிடைத்ததா என்று வீடு வீடாகப் போய்க் கேட்கிற வேலை.

இர்யா நல்ல உயரம். அவள் தெருவில் நடந்தால் மாதா கோவில் மணிக்கூண்டு கொஞ்சம் குனிந்துகொள்ளும். கலெர்வோ அவளுடைய தோள் அளவு. கல்யாணத்தன்று மோதிரம் மாற்ற அவன் பெஞ்சின் மேல் ஏறினான் என்று நான் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன், அவர்களும் மறுப்பதில்லை. ஆலையில் அவள் தாள் பிரிக்கும் பகுதியில் இருந்தாள். ஓடுகிற தாளில் விரலை வைத்தே ஓரம் பிசிறடித்திருப்பதைச் சொல்லிவிடுவாள். பேச்சு குறைவு. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலை இழந்தார்கள், ஒரே காரில் வீடு திரும்பினார்கள், வழியில் உருளைக்கிழங்கு வாங்கினார்கள். அன்றைக்கு அவர்களுக்குள் நடந்த பேச்சு உருளைக்கிழங்கைப் பற்றியது மட்டும்தான்.

அடுத்த வருஷம் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து பெத்ரா என்கிற ஆராய்ச்சிக்காரி வந்தாள். ஆலை மூடிய ஊரில் ஆட்கள் எங்கே போகிறார்கள், என்ன வேலைக்கு மாறுகிறார்கள், எத்தனை பேர் கரை ஏறுகிறார்கள் என்று வருஷா வருஷம் கேட்டு எழுதுவது அவளுடைய ஆய்வு. நல்ல பெண். கெட்டவளாக இருந்திருந்தால் இதைச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

"இந்தப் பக்கத்து ஆளுங்க வெளியாள்கிட்ட வாயே திறக்க மாட்டாங்க. அவங்கள்லயே ஒருத்தர் போய்க் கேட்டா மனசு விட்டுச் சொல்லுவாங்க" என்றாள் பெத்ரா. அப்படித்தான் புத்தகங்களில் போட்டிருக்கிறதாம். அதனால் உள்ளூர் ஆளாக இர்யாவைத் தேர்ந்தெடுத்தாள்.

அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் எங்கள் ஊர் ரயிலில் ஏறியதில்லை. எங்கள் ஆண்பிள்ளை, சாப்பாட்டுப் பெட்டியில் எதிரே உட்கார்ந்த முன்பின் தெரியாதவனிடம் தன் விவாகரத்தைப் பற்றி இரண்டு ஸ்டேஷன் தூரம் பேசுவான். அதே ஆள் பக்கத்து வீட்டுக்காரனிடம் தனக்குப் பல் வலிக்கிறது என்று சொல்ல மாட்டான். பல் வலி தெரிந்துவிட்டால் பிறகு ஆயுசுக்கும் தினமும் அவன் முகத்தில் முழிக்க வேண்டுமே.

இர்யாவுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். ஒரு மடிக்கணினி கொடுத்தார்கள். முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: போன வாரம் ஒரு மணி நேரமாவது கூலிக்கு வேலை செய்தீர்களா? கூலி பணமாகவும் இருக்கலாம், பொருளாகவும் இருக்கலாம். ஒரு மணி நேரம் செய்திருந்தால் வேலையில் இருப்பவர். இல்லையென்றால் இல்லாதவர்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இர்யா ஒரு பெயரையும் என்னிடம் வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை. அவரவரே பிற்பாடு என் சமையலறைக்கு வந்து கொட்டியதைத்தான் நான் எழுதுகிறேன்.

முதலில் அவள் போனது என்சியோ வீட்டுக்கு. என்சியோ கலெர்வோவோடு அதே இயந்திரத்தில் நின்றவன். அவன் மனைவி லீசா தொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"உக்காரு இர்யா, காபி இறக்கியாச்சு" என்றான் என்சியோ.

"இன்னைக்கு நான் ஆபீஸ் வேலையா வந்திருக்கேன்."

"ஆபீஸ்காரங்களுக்குக் காபி ஆகாதா? உக்காரு."

உட்கார்ந்தாள். மடிக்கணினியைத் திறந்தாள். "என்சியோ, போன வாரம் ஒரு மணி நேரமாவது கூலிக்கு வேலை செஞ்சியா?"

தொட்டியில் தண்ணீர் சத்தம் நின்றது. லீசா திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே ஒரு கோப்பையைப் பிடித்தபடி நின்றாள்.

"கூலின்னா எதைச் சொல்ற?"

"பணம். இல்ல, பணத்துக்குப் பதிலா ஏதாவது பொருள்."

"மார்த்தி வீட்டுக் கூரைக்குத் தகரம் மாத்தினேனே. நீகூடப் பாத்தியே."

"பாத்தேன்."

"சும்மா ஒண்ணும் ஏறலை. மதியம் மீன் சூப் குடுத்தான். கிளம்பறப்ப புகை போட்ட மீன் ஒரு கட்டு குடுத்தான்." என்சியோ மேஜையில் இல்லாத துணுக்குகளைக் கையால் ஒதுக்கினான். "அது கணக்குல வருமா, வராதா?"

அது எங்கள் ஊரில் தல்கோத். ஒருவன் வீட்டுக் கூரை ஒழுகினால் தெருவே ஏணியோடு வரும். காசு பேச்சு கிடையாது, பேசினால் அவமானம். வீட்டுக்காரன் எல்லோருக்கும் சூப் போட வேண்டும், வந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிடாமல் போவது, கூரையை ஓட்டை போட்டுவிட்டுப் போவதைவிட மோசம். தல்கோத்தை வேலை என்று சொல்வது, கல்யாணப் பந்தியை ஹோட்டல் என்று சொல்கிற மாதிரி. இது என்சியோவுக்கும் தெரியும், இர்யாவுக்கும் தெரியும்.

இர்யா லீசாவின் முதுகைப் பார்த்தாள்.

"வரும்" என்றாள்.

தண்ணீர் மறுபடி ஓடியது.

ஒருவனுக்குக் காட்டிய இரக்கத்தை அடுத்தவனுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? போன வீட்டிலெல்லாம் ஒரு முதுகு இருந்தது. விறகு பிளந்ததற்கு உருளைக்கிழங்கு, பனி வாரியதற்கு மான் இறைச்சி, படகுக்குத் தார் பூசியதற்கு ஒரு ஜாடி லிங்கன்பெர்ரி ஜாம். எல்லாம் கூலி ஆயிற்று. தல்கோத்துக்கும் போகாதவர்கள் வேறு வழி பார்த்தார்கள். மார்த்தி, அவன்தான் ஊரில் வாயாடி, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நான் இப்ப ஆலோசகர்" என்றானாம்.

"யாருக்கு?"

"கேக்கறவங்களுக்கு."

"யாராவது கேட்டாங்களா?"

"இப்ப நீ கேட்டுக்கிட்டிருக்கல்ல."

இர்யா சிரித்தாள். மார்த்தியும் சிரித்தான். சிரித்து முடித்த பிறகு அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, "எழுதிக்கோ இர்யா" என்று மெதுவாகச் சொன்னான். எழுதிக்கொண்டாள்.

மனசு உறுத்தியிருக்க வேண்டும். பெத்ராவுக்குப் போன் செய்தாள். "ஒருத்தர் சொல்றது அப்படி இல்லைன்னு எனக்கே தெரியும்னா என்ன பண்றது?"

"உங்களுக்குத் தெரிஞ்சதை நீங்க எழுதக் கூடாது இர்யா. அவங்க சொல்றதைத்தான் எழுதணும். உங்க அபிப்பிராயம் கலந்தா ஆராய்ச்சி கெட்டுப்போயிடும்."

அதுவும் நியாயம்தான். இர்யா போனை வைத்தாள்.

சொந்தப் புருஷனை மட்டும் அவள் கேட்கக் கூடாது என்று விதி. அவனை ஹெல்சிங்கியிலிருந்து ஒரு மாணவி போனில் கேட்டாள். நடுப்பகல். கலெர்வோ வாசல் படியில் நின்று பேசினான். இர்யா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள், கதவு சாத்தியிருந்தது. எங்கள் வீடுகள் மரம்; சுவர் குளிரைத் தடுக்கும், பேச்சைத் தடுக்காது.

"இல்ல" என்றான் கலெர்வோ. "இல்லம்மா. ஒரு மணி நேரம் இல்ல. அரை மணி நேரமும் இல்ல."

கொஞ்சம் நிறுத்தி, "கூரை போட்டேன், விறகு பொளந்தேன். அது வேலை இல்ல பொண்ணே. அது பொழுது."

பிறகு அந்தப் பெண் வேறு ஏதோ கேட்டிருக்க வேண்டும். "காலைல எழுந்து என்ன பண்றேனா? அந்தக் கேள்வி உன் தாள்ல இருக்கா? இல்லையா. நீயாத்தான் கேக்கறியா." தொண்டையைச் செருமினான். "ஷூ போடறேன். கயிறு கட்டறேன். அப்புறம் எங்க போறதுன்னு தெரியாம அங்கயே உக்காந்திருக்கேன். ஏன்னா கயிறு கட்டியாச்சே. இதை அவகிட்ட சொன்னதில்ல. அவ வேலைக்குப் போறா."

உள்ளே வந்தான்.

"யாரு?" என்று கேட்டாள் இர்யா, போர்வையின் முனையைப் பிடித்துக்கொண்டு.

"யாரோ. தப்பான நம்பர்."

போர்வையின் மறுமுனையை அவன் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் மடித்தார்கள்.

அதன்பிறகு ஒரு நல்லது நடந்தது. அதனால்தான் கதை இவ்வளவு மோசமானது.

ஆலை மூடிய ஊர்களுக்கு அரசாங்கம் ஒரு மறுவாழ்வு நிதி வைத்திருந்தது. அந்தப் பணத்தில் எங்கள் பழைய தொழிற்பள்ளியில் வயது வந்தவர்களுக்குப் புதுத்தொழில் சொல்லிக்கொடுத்தார்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் வகுப்புக்குக் கலெர்வோ இரண்டு முறை விண்ணப்பித்தான். வயதாகிவிட்டது என்று இரண்டு முறையும் திருப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை இடம் கொடுத்தார்கள். கோடை முடிந்ததும் சேர வேண்டும். முடித்தவர்களை ஒரு லிஃப்ட் நிறுவனம் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

எங்கள் ஊரில் இருப்பதே ஒரு லிஃப்ட், சுகாதார நிலையத்தில். மாடியும் ஒன்றுதான். கடிதம் வந்த அன்று கலெர்வோ இர்யாவிடம், "மோசமில்ல" என்றான். எங்கள் மொழியில் இதற்கு மேல் சந்தோஷத்துக்கு வார்த்தை கிடையாது. அப்புறம் நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போய் லிஃப்டில் ஏறி, சுவரில் காதை வைத்துக்கொண்டு மேலும் கீழும் போனான். நூறு தடவை போனான் என்பேன் நான். நர்ஸ் வந்து, "கலெர்வோ, உனக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டிருக்கிறாள்.

"எனக்கில்ல, இதுக்குத்தான். பேரிங் தேஞ்சுபோச்சு. கேளு, முனகுது."

"முனகறவங்க வரிசையில உக்காருங்க" என்று அவனை வெளியே தள்ளினாள். அந்த வாரம் அவன் தெருவில் சீட்டி அடித்துக்கொண்டு போனான். பல வருஷத்துக்குப் பிறகு.

அந்த நிதி நீடிக்குமா என்பது மட்டும் முடிவாகவில்லை. "எங்க அறிக்கையைப் பாத்துத்தான் மந்திரி ஆபீஸ்ல முடிவு பண்ணுவாங்க" என்று பெத்ராவே இர்யாவிடம் சொன்னாள். ஊர் இன்னும் தவிக்கிறதென்றால் பணம் வரும். தேறிவிட்டதென்றால் வேறு ஊருக்குப் போகும். கலெர்வோவின் இடம் அந்தப் பணத்தில்தான் நின்றது.

ஆக அந்த வருஷக் கேள்விச்சுற்றுக்கு இர்யா வேறு மாதிரி கிளம்பினாள். இந்த முறை சூப் கிடையாது என்று முடிவு செய்துகொண்டு போனாள். மறுபடியும் முதலில் என்சியோ வீடு.

"விறகுக்கொட்டகை கட்டிக் குடுத்தேன், சாப்பாடு போட்டாங்க" என்றான் என்சியோ.

"என்சியோ, சாப்பாடு கணக்குல வராது."

"போன வருஷம் வந்துச்சே."

"போன வருஷம் நான் சரியா கேக்கலை."

என்சியோ அவளைப் பார்த்தான். லீசாவும் இந்த முறை திரும்பிப் பார்த்தாள். போன வருஷம் முழுக்க அவன் வேலையில் இருந்த ஆள். இந்த நிமிஷத்தில் அவன் மனைவியின் முன்னாலேயே அவன் வேலையை இழந்துகொண்டிருந்தான், இரண்டாம் தடவையாக.

"அப்ப பணம் வாங்கினேன்னு எழுதிக்கோ" என்றான்.

"யார்கிட்ட வாங்கின?"

"மார்த்திகிட்ட."

மார்த்தியிடம் பணம் இருந்தால் அது வேறு ஊர் மார்த்தியாக இருக்க வேண்டும். ஆனால் சொன்னதைத்தான் எழுத வேண்டும். சூப்பாக இருந்தவரை அதில் பாதியாவது மெய் இருந்தது. இர்யா கடுமை காட்டியதும் பாதி மெய்யும் போய் முழுப்பொய் ஆயிற்று. எல்லா வீட்டிலும் அப்படியே. தெரு முனைக்கு வந்து அவள் காரில் ஏறி, கிளப்பாமல் உட்கார்ந்திருந்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

மார்ச் மாதம், ஏரி இன்னும் உறைந்திருந்தபோது, தொழிலாளர் மன்றத்தில் பெத்ரா முடிவுகளைச் சொல்ல வந்தாள். மந்திரி அலுவலகத்திலிருந்தும் ஒருவர். காபியும் ஏலக்காய் பன்னும் என் பொறுப்பு. மன்றம் நிறைந்திருந்தது. கலெர்வோ மூன்றாம் வரிசையில் மார்த்திக்குப் பக்கத்தில், சட்டைக் காலரை மடித்துவிட்டு, சவரம் செய்த முகத்தோடு. இர்யா கடைசி வரிசையில், சுவரோரம்.

பெத்ராவின் முகம் மலர்ந்திருந்தது. "உங்களுக்கு நல்ல செய்தி கொண்டுவந்திருக்கேன்" என்றாள். "பத்துல ஏழு பேர் மறுபடி வேலையில இருக்கீங்க. இந்த மாதிரி ஊர்ல இதை நாங்க எதிர்பார்க்கவே இல்லை. போன வருஷம் பொருளா கூலி வாங்கினவங்க பல பேர் இந்த வருஷம் பணமாவே வாங்கறீங்க. ஒருத்தருக்கொருத்தர் வேலை உண்டாக்கியிருக்கீங்க."

எங்கள் ஊர் மௌனத்தைக் குளிர்காலத்தில் பாளம் பாளமாக வெட்டி மரத்தூள் போட்டு அடுத்த கோடைவரை வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு விழுந்தது அதைவிடக் கெட்டி. யாரும் கை தட்டவில்லை. யாரும் எழுந்து, அது பொய் என்று சொல்லவும் இல்லை. ஏன் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவனும் நினைத்தது ஒன்றுதான்: 'அப்ப இவங்க எல்லாருக்கும் நிஜமாவே கிடைச்சிடுச்சு. பொய் சொன்னவன் நான் ஒருத்தன்தான்.' ஒவ்வொருவனும் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு ஆண்பிள்ளைகள் அவ்வளவு நேரம் கோப்பையின் அடியைப் பார்த்ததை நான் பார்த்ததில்லை.

"மிச்சம் இருக்கிறது சில பேர்தான்" என்று பெத்ரா தொடர்ந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "அவங்க கஷ்டம் வேலை இல்லாததால வர்ற கஷ்டம்னு சொல்ல முடியாது. வேலை இருக்கிற ஊர்லதானே அவங்களும் இருக்காங்க. அவங்களுக்கு வேண்டியது பயிற்சி இல்ல, வேற மாதிரி உதவி. பேர் சொல்லாம ஒருத்தர் வார்த்தையை மட்டும் படிக்கறேன்."

படித்தாள். ஷூ போடறேன். கயிறு கட்டறேன். அப்புறம் எங்க போறதுன்னு தெரியாம.

நான் காபிக் கூஜாவோடு மூன்றாம் வரிசை ஓரத்தில் நின்றிருந்தேன். யாரோ ஒரு பெண், "ஐயோ பாவம்" என்று முணுமுணுத்தாள். மார்த்தி கலெர்வோவின் விலாவில் முழங்கையால் இடித்து, "அந்த ஆளுக்கு டாக்டர்தான் வேணும், என்ன சொல்ற?" என்றான். இரக்கமில்லாமல் சொல்லவில்லை. பயத்தில் சொன்னான்.

"ஆமா" என்றான் கலெர்வோ.

அவன் கையிலிருந்த பன்னை முழுவதும் சாப்பிட்டான். நான் ஊற்றிய காபியையும் குடித்தான்.

அப்போது கடைசி வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. இர்யா எழுந்து நின்றிருந்தாள். அந்த உயரத்துக்கு அவள் எழுந்தால் மறைக்க முடியாது. மன்றம் மொத்தமும் திரும்பியது. ஊரின் பொய் மொத்தமும் அறிந்த ஒரே ஆள் அவள். வாயைத் திறந்தாள். பெத்ரா அவளைப் பார்த்துச் சிரித்து, "சொல்லுங்க இர்யா" என்றாள்.

"சர்க்கரை இருக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள் இர்யா. அவள் காபிக்குச் சர்க்கரை போடுவதில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வீட்டுக்குப் போனதும் கலெர்வோ கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டானாம்: "பொருளா கூலின்னாளே பெத்ரா, அது சூப்பா?"

"நான் அதைப் பத்திப் பேசக் கூடாது."

"அத்தனை கூரைலயும் நானும்தானே இருந்தேன். சூப்பையா எழுதின?"

இர்யா தன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"சரி" என்றான் கலெர்வோ.

மே மாதம் அறிவிப்பு வந்தது. ஹல்லகோஸ்கி தேறிவிட்டது, நிதி தேவைப்படுகிற இன்னொரு ஊருக்குப் போகிறது. லிஃப்ட் வகுப்பு திறக்கவில்லை. அதற்குப் பதில் சுகாதார நிலையத்திலிருந்து கலெர்வோவுக்குப் போன் வந்தது, டாக்டரைப் பார்க்க வரும்படி. பெயர் சொல்லாமலே அவனைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அவன் நினைத்தான். வயதானவர்களுக்கு எல்லா வருஷமும் வருகிற போன்தான் அது என்று நான் சொன்னதை அவன் கேட்கவில்லை. போகவும் இல்லை.

இலையுதிர் காலத்தில் என்சியோ வீட்டு முன்வாசல் படி சரிந்துவிட்டது. தல்கோத். கலெர்வோ வந்தான், எப்போதும் போல. காலையிலிருந்து பலகை இழைத்தான், ஆணி அடித்தான். லீசா எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டபோது சுத்தியலைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தான். லீசா பாத்திரத்தோடு பின்னாலேயே ஓடினாள்.

"கலெர்வோ, எங்க போற? சூப் ஆறுது. வீட்டுக்காவது எடுத்துட்டுப் போ."

"வேணாம் லீசா. குடிச்சா நான் வேலையில இருக்கேன்னு ஆயிடும்."

அன்றைக்குத் தொட்டியருகே முதுகைக் காட்டி நின்றவள் லீசா. அவளுக்குப் புரிந்தது. பாத்திரத்தைப் பிடித்தபடி நடுத்தெருவில் அப்படியே நின்றாள். ஆண்களுக்குப் புரியவில்லை. "அவனுக்கு என்ன திமிர்? எங்க சூப்ல விஷமா இருக்கு?" என்றான் மார்த்தி. அடுத்த வீட்டிலும் கலெர்வோ அப்படியே செய்தான், அதற்கடுத்த வீட்டிலும். சாப்பிடாமல் போகிறவனை எப்படிக் கூப்பிடுவது? மெல்ல மெல்லக் கூப்பிடுவதை விட்டார்கள். கூலியில்லாத வேலையிலிருந்தும் அவன் நின்றுபோனான். ஆலையாவது காரணம் சொல்லி அனுப்பியது.

அந்தக் குளிர்காலம் முழுக்க என் சமையலறைக்கு ஒவ்வொருவனாக வந்தான், கொட்டினான். "ஊர்ல எல்லாருக்கும் கிடைச்சுது, எனக்குத்தான் கிடைக்கலை" என்றான் என்சியோ. மறுவாரம் மார்த்தி வந்து அச்சடித்த மாதிரி அதையே சொன்னான். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அடேய், என்சியோவும் இதையேதான் சொல்லிட்டுப் போனான். யாருக்கும் கிடைக்கலைடா."

மார்த்தி என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "நீ அளக்காத. என்சியோ வேலையில இருக்கான். ஹெல்சிங்கிக்காரங்களே கணக்கெடுத்துச் சொன்னாங்க."

பெஞ்சில் ஏறி மோதிரம் மாற்றிய கதையை நம்பியவன், இதை நம்பவில்லை.

மறு வருஷம் ஆய்வே நின்றுபோனது. தேறிவிட்ட ஊரை ஆராய யார் பணம் கொடுப்பார்கள்? பெத்ரா வருத்தத்தோடு மடிக்கணினியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். கலெர்வோ பகலெல்லாம் அடுப்பு எரியாத சௌனாவில், எங்கள் நீராவிக் குளியலறையில், மேல் பலகையில் படுத்திருக்கிறான், சுவரைப் பார்த்துக்கொண்டு. கூப்பிட்டால் சாப்பிட வருவான். இர்யா கூப்பிடுவாள். முன்பு உருளைக்கிழங்கைப் பற்றியாவது பேசினார்கள்.

இர்யாவுக்காக ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். அன்றைக்கு மன்றத்தில் அவள் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் கலெர்வோவின் இடம் பிழைத்திருக்கும். ஆனால் கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள் அவள். போட்ட கையெழுத்துக்காகப் புருஷனின் பிழைப்பையே பலி கொடுத்தவள். அப்படிப்பட்ட பெண்பிள்ளை இந்த ஏரிக்கு இந்தக் கரையில் வேறு கிடையாது.

இவ்வளவையும் இர்யாவுக்குப் படித்துக் காட்டினேன். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கேட்டாள். மணிக்கூண்டு குனிந்ததைக்கூட விட்டுவிட்டாள்.

"கடைசியில இருக்கறதை மட்டும் எடுத்துடு" என்றாள்.

"எதை?"

"கையெழுத்துன்னு எழுதியிருக்கியே. அதனால இல்ல."

"பின்ன எதனால?"

"சொல்லணும்னுதான் எழுந்தேன். கையெழுத்து ஞாபகத்துலயே இல்ல. பெத்ரா என்னைப் பாத்துச் சிரிச்சாளே, அப்பத்தான். அடுத்த வருஷமும் நான்தான் கேக்கப் போறேன்னு அன்னைக்குக் காலைலதான் சொல்லியிருந்தா. சொன்னா எனக்கும் வேலை போயிடும்னு தோணிச்சு. அவன் இடம் போகும்னு தெரிஞ்சேதான் உக்காந்தேன். அப்படியே எழுது."